லூர்துவின் சித்தப்பாவுக்கு வாங்கிய மாலை

கம்பெனிகளுக்குத் தற்காலிக ஆள் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என்னை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. துறைமுகச் சாலையில் இருக்கும் கண்டெய்னர் யார்டு ஒன்றில் தற்காலிக ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். முழங்கால் மடங்க மறுத்ததால் ஓய்வு வயது வரும் முன்பே வேலையை விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என் வழியனுப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தபோது “எல்லாருக்கும் வணக்கம், டீ ஆறுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் நான்.

அன்று டீ குடிக்கும்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டது: “அண்ணாச்சி, வேலைதான் இவ்வளவு கிடக்கே. பெறகு ஏன் எல்லாரையும் நிரந்தரமா எடுக்க மாட்டேங்காங்க? ஏன் தெனமும் வாசல்ல ஆள் பொறுக்கணும்?” நல்ல கேள்வி. எனக்கு அப்போது வாய் வரவில்லை. எழுதுவது எனக்குப் பேசுவதை விடக் கொஞ்சம் லேசு. அதனால் எழுதுகிறேன்.

கம்பெனிப் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் நம் சௌகரியத்துக்கு வருவதில்லை. ஒரு வாரம் யார்டில் கால் வைக்க இடம் இருக்காது. உப்பு மூட்டை ஒரு பக்கம், அவுரி இலை மூட்டை ஒரு பக்கம், முந்திரிக்கொட்டை ஒரு பக்கம் என்று லாரிகள் முள்ளக்காடு வரைக்கும் நிற்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் நாய்கள் படுத்து உறங்கும். நிறைந்த வாரத்துக்குத் தேவையான ஆட்களை வெறும் வாரத்திலும் வைத்துச் சோறு போட எந்த முதலாளிக்கும் தெம்பு இல்லை. இது ஒன்று.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தங்கை கல்யாணத்துக்குப் போவார். ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெண் பிரசவத்துக்குப் போகும். அவர்கள் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியில் ஒருவர் வேண்டும். சில வேலை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். கூரைத் தகடு மாற்ற வெல்டர் வேண்டும். மாற்றி முடித்தபின் அவரை என்ன செய்வது? அப்புறம், பார்த்துப் பழகி எடுப்பது என்று ஒன்று உண்டு. ஆள் எப்படி என்று தெரியாமல் நிரந்தரம் கொடுக்கப் பயப்படுவார்கள். கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பார்கள். சிலரைக் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். சிலரைத் தலை நரைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தற்காலிக ஆளை நிறுத்துவது சுலபம். “நாளைக்கு வேண்டாம்” என்றால் முடிந்தது. அதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். நம்மைச் சொல்ல வைப்பார்கள். உங்களுக்கு இந்த வேலையில் முதலில் கசக்கப் போவது அந்த இரண்டு வார்த்தைதான்.

இதையெல்லாம் உங்கள் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் வாசலில் நின்று தெரிந்துகொண்டது வேறு ஒன்று. கம்பெனிக்குக் கப்பல் எப்படியோ, நம் ஆட்களுக்கு மழையும் கடலும் அப்படி. விளாத்திகுளம் பக்கத்து ஆட்களுக்கு மானாவாரி நிலம் உண்டு. முதல் மழை விழுந்தால் விதைக்கப் போய்விடுவார்கள். ஆலந்தலை, மணப்பாடு பக்கத்து ஆட்கள் கச்சான் காற்று ஓங்கிக் கடல் கொந்தளிக்கும்போது நம் வாசலில் நிற்பார்கள். காற்று அடங்கினால் ஆளைக் காண முடியாது. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் போனைப் பார்த்துச் சொன்னதில்லை. வானத்தைப் பார்ப்பேன், பஸ்ஸில் வரும் மீன்காரப் பெண்களிடம் கடல் எப்படி என்று கேட்பேன். அநேகமாகச் சரியாக இருக்கும்.

ஆனால் ஒருவன்கூட “விதைக்கப் போகிறேன்” என்றோ “கடலுக்குப் போகிறேன்” என்றோ என்னிடம் சொன்னது கிடையாது. சொன்னால் இவனுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது, நம்பி வைக்க முடியாது என்று கம்பெனி நினைத்துக்கொள்ளும். அடுத்த நாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் உறவுக்காரர் யாரையாவது சாகடித்துவிடுவார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா. விளாத்திகுளத்து ஆள் ஒருவன் ஒரே மாமனாரை இரண்டு ஐப்பசியில் கொன்றான். “ஏலே, போன வருசமே போயிட்டாரே?” என்றதற்கு “அது மூத்த சம்சாரத்தோட அப்பா அண்ணாச்சி” என்றான். அவனுக்கு ஒரே சம்சாரம்தான்.

இது எங்கள் வாசலின் வழக்கம். அவன் எனக்குச் சொல்வான், நான் ஆபீஸுக்குச் சொல்வேன். ஆபீஸில் “சரி” என்பார்கள். தற்காலிக ஆள் வீட்டில் யார் செத்தார் என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது லூர்து விஷயத்தில் எப்படித் திரும்பியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

லூர்து ஆலந்தலைக்காரன். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல நிதானம். கண்டெய்னர் பெட்டிக்குள் மூட்டை அடுக்கும்போது அவன் இருந்தால் நான் வெளியே நிம்மதியாக நிற்பேன். யார்டில் நிரந்தர ஆள் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த ஒரு இடத்துக்குத் தற்காலிக ஆட்களிலிருந்து ஒருவரை எடுக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். நான் லூர்து பேரைச் சொன்னேன். “மூணு மாசம் பாப்போம். தெனமும் வாரானான்னு பாக்கணும். நிரந்தரம்னா நாளைக்கும் வாரவன்னு அர்த்தம்” என்றார் மேனேஜர்.

இந்த இடம் லூர்துவை விட அவன் மனைவி செல்வராணிக்குத்தான் உயிராக இருந்தது. அவளுடைய அண்ணன் ஒரு புயலில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒருநாள் மதியம் அவள் யார்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, நீங்கதான் பேரு சொன்னீகளாம். மாதா உங்களக் காப்பாத்தணும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு “அவன் வேலைக்காகத்தாம்மா சொன்னேன்” என்றேன்.

“அவுக கடலுக்குப் போற நாள் எல்லாம் நான் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வள்ளம் கரையேறுனதப் பாத்துட்டுத்தான் ஒலை வைப்பேன். இந்த எடம் மட்டும் கெடச்சிட்டா நானும் மத்த பொம்பளைகள மாதிரி காலையில சோறு பொங்குவேன்.”

இரண்டு மாதத்துக்கு மேல் லூர்து ஒருநாள் தவறவில்லை. அப்புறம் கச்சான் காற்று சட்டென்று அடங்கியது. மறுநாள் காலை நிறையப் பெட்டி ஏற்ற வேண்டியிருந்தது. லூர்துவைக் காணவில்லை. போன் போட்டேன். செல்வராணி எடுத்தாள்.

“அண்ணாச்சி, அவுக சித்தப்பா தவறிட்டாக” என்றாள். குரல் கம்மியிருந்தது. பின்னால் அலைச்சத்தமும், வள்ளம் தள்ளுகிறவர்களின் கூச்சலும் கேட்டது. வீட்டில் சாவு விழுந்தவள் விடிந்ததும் கடற்கரையில் நிற்க மாட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் “சரிம்மா” என்றேன்.

வழக்கப்படி மேனேஜரிடம் போய், “லூர்து சித்தப்பா இறந்துட்டாராம் சார்” என்றேன். வழக்கப்படி அவர் “சரி” என்று சொல்லியிருக்க வேண்டும்.

“அடப்பாவமே” என்று பேனாவைக் கீழே வைத்தார். “இனி அவன் நம்ம ஆளுல்லா? மாலை ஒண்ணு சொல்லிருங்க. இந்தப் பெட்டியெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு மத்தியானம் நாம போயிட்டு வந்துருவோம். அடக்கம் சாயங்காலம்தான இருக்கும்?”

நிரந்தர ஆள் வீட்டில் துக்கம் என்றால் கம்பெனி சார்பில் மாலையோடு ஆபீஸரும் நேரில் போவது எங்கள் யார்டின் முறை. தற்காலிக ஆளுக்கு அது கிடையாது. அவர் லூர்துவை அன்றைக்கே நிரந்தர ஆளாக மனதில் வைத்துவிட்டார். நல்ல மனது. அதுதான் சிக்கல். தற்காலிக ஆளின் பொய்யை நிரந்தர ஆளின் மரியாதை வந்து பிடித்துக்கொண்டது.

செல்வராணிக்கு மறுபடி மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. பெட்டிகள் கிளம்பின. மாலை வந்தது. ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய பெரிய மாலை. மேனேஜர் கார் டிரைவர் அதை வாழையிலையில் சுற்றி முன்சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மேனேஜரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம்.

முள்ளக்காடு தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பழையகாயல் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். முக்காணி ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது தொண்டையைக்கூடச் செருமினேன். அப்போது பார்த்து மேனேஜர் பேச ஆரம்பித்தார்.

அவர் காயல்பட்டினத்துக்காரர். இங்கே வருமுன் பல வருடம் வளைகுடாவில் இருந்தவர்.

“நான் அங்கன கான்ட்ராக்ட்லதான் இருந்தேன் மேஸ்திரி. எங்க வாப்பா மௌத்தானப்ப லீவு தரல. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கெடையாதுன்னுட்டான். மய்யித்த அடக்கம் பண்ணுன நேரத்துல நான் ஒரு கெடங்குல பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தேன். அதுலேர்ந்து என்கிட்ட வேலை பாக்கவன் வீட்ல சாவுன்னா நான் போகாம இருக்கதில்ல.”

இதைக் கேட்டபின் எனக்கு எப்படி வாய் வரும்? ஆத்தூர் போனது. ஆறுமுகநேரி உப்பளங்கள் போயின. அந்த ஊர் ரயில்வே கேட் மூடியிருந்தது. திருச்செந்தூர் ரயில் வர வேண்டும். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். வண்டிக்குள் மாலையின் வாசம் மட்டும் இருந்தது.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கேட் மூடும். சொன்னால் ஒருவனுடைய வேலை போகும். சொல்லாவிட்டால் இன்னொரு மனிதர் எல்லார் முன்னாலும் ஏமாளியாக நிற்பார். இரண்டில் எது குறைந்த கெடுதல் என்று யோசிக்க நேரம் இருக்காது. நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. தகப்பன் சாவுக்குப் போக முடியாத மனிதரை இல்லாத சாவுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

“சார், யாரும் சாகல” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“லூர்து கடலுக்குப் போயிருக்கான் சார். காத்து அடங்கிட்டு. கணவா மீன் ஓடுது. சாவுன்னு சொல்லுறது நம்ம வாசல்ல ஒரு வழக்கம்.”

“வழக்கமா? அப்ப இதுக்கு முந்தி செத்தவங்க?”

“பாதிப் பேர் உசுரோடதான் இருக்காங்க சார்.”

டிரைவர் சிரிப்பை அடக்கத் தெருவைப் பார்த்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

“நான் எங்க வாப்பாவப் பத்திச் சொல்லுதேன். நீங்க கேட்டுக்கிட்டே வாரீங்க. என்னைய என்ன கோமாளின்னு நெனச்சீங்களா?”

ரயில் போனது. கேட் திறந்தது.

“திருப்பவா சார்?” என்று கேட்டார் டிரைவர்.

“நேரா போ. அந்த ஆள நேருல பாத்து ஒரு வார்த்த கேக்கணும். நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்.”

டிரைவர் வண்டியை நேராக ஆலந்தலைக்கு விட்டார்.

தெரு குறுகல். வண்டியைக் கோயில் பக்கத்திலேயே நிறுத்தினோம். மேனேஜர் முதலில் இறங்கினார். வெள்ளைச் சட்டை, இறுகிய முகம். நான் பின்னால் இறங்கினேன். மூன்றாவதாக டிரைவர் இறங்கி, வாழையிலையை உருவிப் போட்டுவிட்டு, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். துக்க வீட்டுக்குப் போனால் மாலை சுமப்பது அவர் வேலை. வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கை பழகியபடி செய்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

தெருமுனையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். காலையில் போன வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அது செல்வராணியின் தம்பியுடைய வள்ளம். அதில்தான் லூர்து போயிருந்தான்.

செல்வராணி எங்களைப் பார்த்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். அப்புறம் மேனேஜரைப் பார்த்தாள். அப்புறம் மாலையைப் பார்த்தாள்.

காலையில் அவளே வாயால் சொன்ன சித்தப்பா சாவு அந்த நிமிடத்தில் அவளுக்கு நினைவில்லை. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத மதியத்தில், அவன் கம்பெனியின் ஆபீஸர் மாலையோடு வீடு தேடி வருகிறார். கடற்கரைப் பெண்ணுக்கு அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

“மாதாவே” என்றாள். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி “ஐயோ, லூர்து போயிட்டானே!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அது தெருவெல்லாம் பற்றிக்கொண்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நான் பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை.

“இல்லம்மா! லூர்துக்கு ஒண்ணும் இல்ல! மாலை அவனுக்கு இல்ல!”

யாருக்கும் காதில் ஏறவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து அவள் முன்னால் மண்டியிட்டேன். வலிக்கிற முழங்கால் என்று அப்போது தெரியவில்லை. “ஏளா செல்வராணி, என்னையப் பாரு. சித்தப்பா செத்துட்டாருன்னு காலையில சொன்னேல்லா? அதுக்குத்தான் மாலை. அதுக்குத்தான் வந்தோம்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். புரிய வெகுநேரம் ஆனது.

“பெறகு யாருக்குவே இந்த மாலை?” என்று ஒரு கிழவி டிரைவரைப் பிடித்து உலுக்கினாள்.

“லூர்துவோட சித்தப்பாவுக்கு” என்றார் டிரைவர்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சட்டை போடாத ஒரு பெரியவர் முன்னால் வந்தார். தோளில் ஈர வலை இருந்தது.

“நாந்தான் அவன் சித்தப்பா. நான் எப்பம்வே செத்தேன்?”

அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். செல்வராணி முகத்தைப் பொத்திக்கொண்டு, “சித்தப்பா, நாந்தான் சொன்னேன். என்னைய மன்னிச்சிருங்க. தம்பி வள்ளத்துல ஒரு ஆளுக்குக் காய்ச்சல். இவுக போகலன்னா வள்ளம் எறங்காது. மூணு வீட்டுப் பொழப்பு. கடலுக்குப் போயிருக்காகன்னு சொன்னா அந்த எடம் போயிரும்” என்று அழுதாள்.

சித்தப்பா மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் பெரிய ஆபீஸரா? ஏன் சார், லீவுன்னு ஒண்ணு குடுத்தீகன்னா நாங்க உசுரோட இருப்போம்லா? இந்தத் தெருவுல உங்க வேலைக்கு வார ஒவ்வொருத்தனுக்கும் நாங்க எத்தன தடவதான் சாகுறது?”

தெரு சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் முகத்திலிருந்த சிவப்பு போய்விட்டது. மணலில் உட்கார்ந்திருந்த செல்வராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரைப் பார்த்து, “அத மொதல்ல எங்கேயாவது கொண்டுபோய் வைப்பா” என்றார். சித்தப்பாவே அதை வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குருசடியில் மாதாவுக்குச் சாத்திவிட்டு வந்தார்.

அப்புறம்தான் எங்களுக்கு வள்ளம் வராத செய்தி தெரிந்தது. நாங்கள் திரும்பியிருக்கலாம். மேனேஜர் திரும்பவில்லை. கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தார். தேடப் போன ஒரு வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை அதையே பார்த்தார். செல்வராணி அலை வந்து காலைத் தொடும் இடத்தில் நின்றவள், ஒருமுறைகூட உட்காரவில்லை.

“மேஸ்திரி” என்றார் மேனேஜர், கடலைப் பார்த்தபடியே. “நமக்குக் கப்பல் எப்ப வரும்னு தெரியாது. அதுக்குத்தான தற்காலிக ஆளு. அவனுக்கு மீன் எப்ப வரும்னு தெரியாதுங்கறத நான் யோசிச்சதே இல்ல.”

“ஆமா சார்” என்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் இரண்டு வள்ளம் தெரிந்தது. ஒன்று இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் நின்றுபோய்க் கிடந்திருக்கிறார்கள். கரையில் ஒரே கூச்சல். செல்வராணி மட்டும் கூச்சல் போடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் லூர்துவின் கையைப் பிடித்தாள், ஓங்கி முதுகில் ஓர் அடி வைத்தாள், அப்புறம் அழுதாள்.

லூர்து கரைக்கு வந்ததும் மேனேஜரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டையெல்லாம் கணவாய் மை.

“சார்…” என்றான். “எங்க சித்தப்பா…”

“அவருகிட்ட நான் பேசிட்டேன்” என்றார் மேனேஜர்.

சித்தப்பா பக்கத்தில் நின்று “நல்லாத்தாம்ல இருக்கேன்” என்றார்.

லூர்து தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் கேட்டார், “உண்மையச் சொல்லு. இனிமேலும் இப்படிப் போவியா?”

பொய் சொன்னால் வேலை நிலைக்கும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். செல்வராணி அவன் கையை அழுத்தினாள். அவன் மச்சானைப் பார்த்தான், கரையில் கிடந்த வள்ளத்தைப் பார்த்தான்.

“வருசத்துல சில நாள் ஆளு கொறையும் சார். நான் போகலன்னா அவங்க போக முடியாது. போக மாட்டேன்னு பொய் சொல்ல முடியாது சார்.”

போச்சு என்று நினைத்தேன்.

“சரி” என்றார் மேனேஜர். “போற அன்னைக்கு முந்தின நாளே மேஸ்திரிகிட்ட லீவுன்னு சொல்லிட்டுப் போ. நிரந்தர ஆளுக்கு லீவு உண்டு. இன்னைக்கும் லீவுன்னு போட்டுக்கிடுதேன்.”

“சார், அவனுக்கு இன்னும் நிரந்தரம் ஆகலியே” என்றேன். யாரும் கேட்காமல் நானாகப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

“ஆயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. மேலிடத்துல நான் பேசிக்கிடுதேன்.”

“லீவு நாள்லயும் கடலுக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் செல்வராணி. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அடுப்புப் பத்த வைக்கணும்” என்று வீட்டைப் பார்த்து ஓடினாள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கதையால் வாசல் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மற்ற தற்காலிக ஆட்களும் இரண்டு நாள் முன்னதாக உண்மையைச் சொன்னால் அவர்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். கொஞ்ச காலம் நன்றாக நடந்தது. அவர் மாறிப் போனபின் அது நீர்த்துவிட்டது. ஆட்கள் மறுபடி உறவினர்களைச் சாகடிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு ஏற்ற இறக்கம் உண்டு. அதைத் தாங்கத்தான் அது நம் ஆட்களைக் கூப்பிடுகிறது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆளுக்கும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அதை அவன் வாய்விட்டுச் சொல்லும்படி நீங்கள் நடந்துகொள்ள வேண்டும். ஒருவன் சாவு என்று சொன்னால் முதலில் “மழையா, கடலா?” என்று மெதுவாகக் கேளுங்கள். நிஜமாகவே சாவு என்றால் அவன் குரலே சொல்லிவிடும்.

அன்று நாங்கள் கிளம்பும்போது லூர்து வண்டிவரை வந்தான். மேனேஜர் ஏறிவிட்டார். நான் ஏறப்போனபோது என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“அண்ணாச்சி, அந்த லீவுங்கறது… நான் ஒருநாள் வராட்டா என் எடத்துல வேற ஆள நிறுத்த மாட்டாங்களா?”

“நிறுத்துவாங்க. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.”

“மறுநாள் நான் வந்தா?”

“அது உன் எடம்.”

அவன் நம்பவில்லை. கையை விடாமல் மறுபடியும் கேட்டான். நானும் மறுபடியும் சொன்னேன்.